ஜோசியர் குறித்த நாளில் ஆபரேஷனா? முதலில் வாரக் கணக்கைச் சரிபாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது, படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். மனைவிக்குத் தலைப்பிரசவம், கல்லிடைக்குறிச்சியில் தாய் வீட்டில் இருக்கிறார். கடைசி மாதவிலக்கை வைத்துப் பார்த்தால் இன்றோடு 36 வாரம் முடிகிறது. பிள்ளைக்குத் தலை கீழே இருக்கிறது, தாய்க்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லை. இன்னும் 10 நாளில் அருமையான லக்னம் ஒன்று வருகிறது என்று ஜோசியர் சொல்ல, உங்கள் அம்மா அன்றைக்கே ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டார். டாக்டரும் "வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்றால் செய்யலாம்" என்றிருக்கிறார். மாமியார் "எட்டு தாண்டிட்டு, இனி பயமில்லை" என்கிறார். ராத்திரியில் வலி வந்தால் டாக்டர் இருக்கமாட்டார், பகலிலேயே முடித்துவிடலாம் என்பது மச்சானின் கட்சி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மனைவிக்கு மாதவிலக்கு எப்போதும் தள்ளித்தான் வரும், 12-ம் வார வாக்கில் எடுத்த ஸ்கேனில் பிரசவத் தேதி 9 நாள் தள்ளிக் காட்டியது, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் திக்கென்றது. நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி பிரசவ வார்டிலும் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முடிவை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், ஆனால் அங்கே போய் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

பிரசவத் தேதி என்று அட்டையில் எழுதுகிறார்களே, அது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280-வது நாள். நம் பாட்டிமார் பத்து மாசம் என்றது 28 நாள் மாசமாக எண்ணினால் அதே 280 தான். ஆனால் இந்தக் கணக்கு மாதவிலக்கு 28 நாளுக்கு ஒரு முறை தவறாமல் வருகிறவர்களுக்குப் போட்டது. 35, 40 நாள் என்று தள்ளி வருகிற பெண்ணுக்குக் கரு தரிப்பதே ஒரு வாரம், பத்து நாள் பிந்தித்தான் இருக்கும். அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கிற ஸ்கேனுக்கு அவ்வளவு மதிப்பு. 9 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் இடையில் எடுத்த ஸ்கேன், மாதவிலக்குக் கணக்கிலிருந்து 7 நாளுக்கு மேல் விலகினால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தேதியை மாற்றக் கூடாது. எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் எடுக்கிற ஸ்கேனிலும் ஒரு தேதி வரும், அது பிள்ளையின் பருமனை வைத்துச் சொல்வது, மூன்று வாரம் வரைகூட முன்பின் ஆகலாம். ஒவ்வொரு ஸ்கேனிலும் தேதி மாறுகிறதே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். முதல் ஸ்கேனை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஜோசியர் சொன்ன நாளில் மாதவிலக்குக் கணக்குப்படி 37 வாரம் 3 நாள். ஸ்கேன் கணக்குப்படி 36 வாரம் 1 நாள். 37 வாரம் முடியாமல் பிறந்தால் அது குறைமாதப் பிள்ளை. அதாவது, நல்ல மனசோடுதான் என்றாலும், ஒரு குறையும் இல்லாத பிள்ளையைக் குறைமாதத்தில் வெளியே எடுக்க உங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து நாள் குறித்திருக்கிறீர்கள்.

37 வாரம் தாண்டிவிட்டால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணமும் பழையது. இப்போது 37, 38-வது வாரங்களை முன்கூட்டிய நிறைமாதம் என்றும், 39 வாரம் முடிந்ததிலிருந்து 40 வாரம் 6 நாள் வரை முழு நிறைமாதம் என்றும், 41-ஐப் பிந்திய நிறைமாதம் என்றும், 42-க்கு மேல் நாள் கடந்தது என்றும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. வயிற்றுக்குள் பிள்ளையின் நுரையீரல் முழுக்கத் தண்ணீர்தான். கடைசி வாரங்களிலும், முக்கியமாக வலி தொடங்கிய பிறகும், சுரக்கிற ஹார்மோன்கள்தான் அந்தத் தண்ணீரை உறிஞ்ச வைக்கின்றன. வலியே வராமல் முன்கூட்டிக் கீறி எடுத்தால், தண்ணீர் வற்றாத நுரையீரலோடு வெளியே வந்து பிள்ளை மூச்சு வாங்கும். இரண்டு மூன்று நாள் கண்ணாடிப் பெட்டி, ஆக்சிஜன், சில பிள்ளைகளுக்கு வென்டிலேட்டர் வரைகூடப் போகும். பாலை உறிஞ்சத் தெம்பிருக்காது, சர்க்கரை இறங்கும், மஞ்சள் காமாலை ஏறும். மூளையைச் சொல்லவே வேண்டாம், 35 வாரத்தில் அதன் எடை நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்குதான்.

2009-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. முன்பே சிசேரியன் ஆனவர்களுக்கு, வலி வருமுன் நாள் குறித்துச் செய்த 13,000-க்கு மேற்பட்ட ஆபரேஷன்களைப் பார்த்தார்கள். மூச்சுத்திணறல், சர்க்கரை இறங்குவது, கிருமித்தொற்று, ஐ.சி.யூ. என்று ஏதாவது ஒரு சிக்கலில் மாட்டிய பிள்ளைகள் 37-வது வாரத்தில் எடுத்தபோது நூற்றுக்கு 15.3, 38-ல் 11, 39-ல் 8. மருத்துவக் காரணம் இல்லாத ஆபரேஷனை 39 வாரம் முடியாமல் செய்யாதீர்கள் என்று டாக்டர்களின் சங்கங்களே சொல்வது இதனால்தான். உங்கள் மனைவிக்கு அந்த நாளில் 36 வாரம். அந்த ஆய்வின் கணக்குக்குள்ளேயே வராத நாள்.

உங்கள் மாமியார் சொன்ன எட்டாம் மாசக் கணக்கும் நம் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது, எட்டு தாண்டிவிட்டால் கவலையில்லை. பழைய கிரேக்கர்களுக்கும் இதே நம்பிக்கை இருந்ததாம், அது வேறு கதை. உண்மையில் ஏழை விட எட்டு நல்லது, எட்டை விட ஒன்பது நல்லது, 36-ஐ விட 39 நல்லது. 39 வரை வாரம் ஏற ஏற ஆபத்து இறங்குகிறது, நடுவில் பள்ளமெல்லாம் கிடையாது.

இதைப் படித்துவிட்டு 39-க்கு முன்னால் யாருக்கும் எடுக்கவே கூடாது என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. தாய்க்கு ரத்தக்கொதிப்பு ஏறி சிறுநீரில் புரதம் போகிறது என்றால் 37 வாரத்திலேயே பிரசவம் பார்த்துவிடுவார்கள், நிலைமை மோசமானால் அதற்கும் முன்னால். இரட்டைப் பிள்ளை, தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 38 வாக்கில், ஒரே கொடியைப் பகிர்ந்தால் இன்னும் முன்னால். நஞ்சுக்கொடி கர்ப்பவாயை அடைத்துக் கிடந்தால் 36, 37-ல் ஆபரேஷன், அங்கே வலி வரும்வரை காத்திருப்பதுதான் ஆபத்து. பிள்ளையின் வளர்ச்சி குன்றியிருந்தாலும் 37, 38. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களின் வீட்டார் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் புகையிலைத் தூளுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிள்ளை எடை குறையலாம். "நான் பீடி குடிக்கலியே, சுத்ததானே செய்யேன்" என்பார்கள், ஆனால் தூள் மூச்சிலும் தோலிலும் போகத்தான் செய்யும். இந்த மாதிரி எந்தக் காரணத்துக்காக டாக்டர் முன்கூட்டி எடுக்கலாம் என்றாலும் சண்டை போடாதீர்கள், காரணம் என்ன என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கு நீங்கள் எழுதியவரை அப்படி ஒரு காரணமும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. தேதி தாண்டியும் "வலி தானா வரட்டும்" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள். சொன்ன தேதியிலேயே பிறக்கிற பிள்ளை நூற்றுக்கு நாலைந்துதான், அதனால் இரண்டு மூன்று நாள் தாண்டுவதில் பதற்றம் வேண்டாம். ஆனால் 41 வாரம் தாண்டக் கூடாது. நஞ்சுக்கொடிக்கும் வயசாகும். 1.5 கோடி கர்ப்பங்களைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வில், வயிற்றுக்குள்ளேயே பிள்ளை இறக்கும் அபாயம் 37 வாரத்தில் ஆயிரத்துக்கு 0.11, 41-ல் 1.66, 42-ல் 3.18 என்று ஏறியது. ஸ்வீடனில் 41 வாரத்தில் வலி வரவழைத்தவர்களையும் 42 வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். காத்திருந்த பக்கம் 6 பிள்ளைகள் போய்விட்டன, மறுபக்கம் ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் முடிந்தால் வலி வரவழைக்கத்தான் சொல்கிறது. நம் தெற்காசியப் பெண்களுக்கு இந்த அபாயம் மற்றவர்களை விடச் சற்று முன்னதாகவே ஏறத் தொடங்குகிறது என்று ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் 40 தாண்டியதும் நம்மூர் டாக்டர்கள் அவசரப்பட்டால் அதைப் பணம் பிடுங்குகிற வேலை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள்.

அப்போ ஜோசியரை என்ன செய்வது? நான் நம்புகிறேனா இல்லையா என்பது இங்கே தேவையில்லை. மூலம் வேண்டாம், ஆயில்யம் வேண்டாம், அஷ்டமி நவமி வேண்டாம் என்று தவிக்கிற மாமியார்களோடு வருஷக்கணக்கில் பேசியிருக்கிறேன், ஜோசியம் பொய் என்று சொல்லி ஒருவரைக்கூட மாற்ற முடிந்ததில்லை. பலித்தது ஒரே ஒரு வழிதான். ஜோசியர் குறித்த நாளை டாக்டரிடம் கொண்டுபோவதற்குப் பதிலாக, டாக்டர் குறித்ததை ஜோசியரிடம் கொண்டுபோங்கள். "39 வாரம் முடிகிற நாள் இது, 40 வாரம் முடிகிற நாள் இது, இதுக்குள்ள ஒண்ணு பாத்துச் சொல்லுங்க" என்றால் எந்த ஜோசியரும் ஒரு வாரத்துக்குள் ஒரு நல்ல லக்னம் கண்டுபிடித்துவிடுவார், ஒரு நாளைக்குத்தான் 12 லக்னம் இருக்கிறதே. உங்கள் விஷயத்தில் ஸ்கேன் கணக்குப்படி அந்த ஒரு வாரம் இன்றிலிருந்து சரியாக 30 நாள் கழித்துத் தொடங்குகிறது. இது வீட்டாரை எப்படியும் சமாதானப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் மட்டும். என்னைக் கேட்டால் இந்தப் பெண்ணுக்கு ஆபரேஷனே தேவையில்லை. முதல் பிள்ளையை ஆபரேஷனில் எடுத்தால் அந்தத் தழும்பு அடுத்த பிள்ளைக்கும் கணக்கில் வரும். அடுத்த முறை நஞ்சுக்கொடி தழும்பில் போய் ஒட்டிக்கொள்கிற ஆபத்து ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடும், அப்படி ஆழமாக ஒட்டினால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் ஆபரேஷன், தனியார் ஆஸ்பத்திரியில் 63.8. இதில் எத்தனை நல்ல நேரத்துக்காக, எத்தனை டாக்டரின் வசதிக்காக என்று யாரும் எண்ணி வைத்திருக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேரம் பார்ப்பதில் உயிர் போகிற இடம் வேறொன்று. வலியில் இருக்கிற பெண்ணுக்குப் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்கிறோம், வெளியே "ராகு காலம் முடிய இன்னும் இருபது நிமிஷம்தான், கொஞ்சம் பொறுங்க" என்று கையெழுத்துப் போடாமல் நிற்பார்கள். அந்த இருபது நிமிஷத்தில் பிள்ளையின் மூளைக்குப் போகாத ஆக்சிஜனை எந்தக் கிரகமும் திருப்பித் தராது. உங்கள் அம்மாவிடம் இதை மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவசரம் என்று டாக்டர் சொன்னால் பஞ்சாங்கத்தைத் திறக்கக் கூடாது.

அடுத்து மச்சானின் ராத்திரி பயம். அவர் சொல்வதில் பாதி சரி. தானாக வருகிற வலி ராத்திரியில்தான் அதிகம் வரும், இருட்டில் சுரக்கிற மெலடோனின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஹார்மோனுக்குக் கை கொடுக்கிறது. இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை 50 லட்சம் பிறப்புகளுக்கு மேல் பார்த்ததில், பத்தில் ஏழு பிள்ளைகள் ஆபீஸ் நேரத்துக்கு வெளியேதான் பிறந்திருக்கின்றன, தானாக வலி வந்து பிறந்தவை அதிகாலை 4 மணியை ஒட்டி உச்சம். ஆக ராத்திரி பிறப்பது கோளாறு இல்லை. ராத்திரி ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாததுதான் கோளாறு, அதைச் சரிசெய்யப் பிள்ளையின் வாரத்தைக் குறைக்கக் கூடாது, ஆஸ்பத்திரியை மாற்ற வேண்டும்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கிற நர்ஸிங் ஹோமில் போய் இதை நேராகக் கேளுங்கள்: ராத்திரி 2 மணிக்கு அவசர ஆபரேஷன் என்றால், முடிவு செய்ததிலிருந்து கத்தி வைக்க எத்தனை நிமிஷம்? அரை மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா, போன் போட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் எங்கிருந்து வரும்? பிள்ளை அழவில்லை என்றால் யார் பார்ப்பார்கள்? பதில் வழவழ என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், படுக்கை பக்கத்தில் படுக்கையாக இருக்கும், சில பேர் சத்தம் போட்டுப் பேசுவார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் 24 மணி நேரமும் மகப்பேறு, மயக்க மருந்து, பச்சிளம் குழந்தைப் பிரிவு, ரத்த வங்கி எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருக்கிற இடம் அது. எந்தச் சிக்கலும் இல்லாத பிரசவத்துக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியே போதும், ஆனால் அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட் போட்டிருந்தால் அதற்கும் மேலே. 108-க்கு இப்போதே ஒத்திகை வேண்டாம், ஆனால் நம்பர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் எழுதிய தாய் சேய் நல அட்டையும் அந்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே பையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தேதி விழுகிறவர்கள் ஆற்றுக்கு எந்தக் கரையில் இருக்கிறோம் என்றும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது தாமிரபரணிக் கரை ஊர்களில் எத்தனை ரோடு துண்டாகிக் கிடந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி எச்சரிக்கை வந்தால் நிறைமாதப் பெண்ணை முந்தின நாளே டவுனுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

வலி வந்தால் எப்போது கிளம்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகத் தண்ணி கொடுப்பார்கள், அதில் தப்பில்லை, அந்த அரை மணி நேரத்தில் பொய் வலி தானாக அடங்கிவிடும். விளக்கெண்ணெய் மட்டும் கொடுக்க விடாதீர்கள், வயிற்றுப்போக்கு பிடித்து அந்தப் பெண் வலி முக்கவே தெம்பில்லாமல் கிடப்பாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் நீடிக்கிறது, ஒரு மணி நேரமாக இப்படியே என்றால் கிளம்பலாம். தலைப்பிரசவம் என்பதால் அதற்கப்புறமும் பத்து பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், போனதும் "இன்னும் ஆகலியா, வலி ஊசி போடுங்களேன்" என்று நர்ஸைப் பிடுங்கி எடுக்காதீர்கள். பனிக்குடம் உடைந்தால் வலி இருக்கிறதோ இல்லையோ உடனே போக வேண்டும், தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். ரத்தம் பட்டாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், மேல் வயிறு வலித்தாலும் காத்திருக்கக் கூடாது. பிள்ளையின் அசைவு வழக்கத்தை விடக் குறைந்தால் "பிறக்கப் போகிற பிள்ளை அப்படித்தான் அடங்கும்" என்று யாராவது சொல்வார்கள். தப்பு. அடங்காது. அன்றைக்கே போய்த் துடிப்புப் பார்க்க வேண்டும், ராத்திரி என்றாலும் சரி.

அடுத்த ஸ்கேனில் "கொடி சுத்தியிருக்கு" என்று சொன்னால் அதை வைத்து மறுபடி ஆபரேஷன் பேச்சு கிளம்பும். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிப் பிறக்கிற பிள்ளை நாலில் ஒன்று உண்டு, பெரும்பாலும் தலை வந்ததும் விரலால் எடுத்துவிட்டுவிடுவோம். அது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. "பனிக்குடத்தில் தண்ணி கம்மி" என்பது வேறு, அதை அலட்சியம் செய்யக் கூடாது, எத்தனை செ.மீ. என்று கேளுங்கள். ஆழமான இடத்தில் 2 செ.மீ.க்குக் கீழே போய்விட்டால் நாள் கடத்த மாட்டார்கள். ஆனால் அங்கேயும் முதலில் வலி வரவழைத்துப் பார்க்கலாம், நேரே தியேட்டர்தான் என்று இல்லை.

நாளைக்கே டாக்டரிடம் போய் அந்த 12-ம் வார ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, "இந்தத் தேதிப்படி அன்னைக்கு எத்தனை வாரம் ஆகியிருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எனக்குத் தெரிந்து, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு காரணமில்லாமல் 36 வாரத்தில் கத்தி எடுக்கிற டாக்டர் அபூர்வம். ரிப்போர்ட்டில் தலை முதல் பிட்டம் வரை எத்தனை மி.மீ. என்று ஒரு அளவு இருக்கும், அதையும் ஸ்கேன் எடுத்த தேதியையும் இங்கே எழுதுங்கள், நானும் ஒருமுறை கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.